ஓய்வு பெறும் கணிதப் பேராசிரியருக்கு விழா: கேடயம் கொடுப்பதற்கு மேல் என்ன செய்யலாம்?

முடிவிலி எழுதியது:

நண்பர்களே, எங்களுக்குக் கணிதம் எடுத்த பேராசிரியர் இந்தக் கல்வியாண்டோடு பணி ஓய்வு பெறுகிறார். ஒரே கல்லூரி, ஒரே துறை, முப்பது ஆண்டுகளுக்கு மேல். பழைய மாணவர்கள் சிலர் சேர்ந்து விழா எடுக்க முடிவு செய்திருக்கிறோம். இப்போதைக்கு இருக்கும் திட்டம் உங்களுக்கே தெரிந்ததுதான்: ஒரு மண்டபம், சிறப்பு விருந்தினர், வாழ்த்துரைகள், கேடயம், புகைப்படங்கள் போட்ட மலர்.

எனக்கு இதில் மனம் ஒட்டவில்லை. மேடம் பெரிய ஆய்வாளர் என்று பெயர் எடுத்தவர் இல்லை. விருதுப் பட்டியலும் கிடையாது. ஆனால் துறையில் மூத்தவர்கள் எல்லாரும் முதுகலை வகுப்புகளைக் கேட்டு வாங்கிக்கொண்டபோது, ஒவ்வோர் ஆண்டும் முதலாண்டு பகுப்பாய்வு (எல்லை, தொடர் இவற்றை நிரூபணத்தோடு படிக்கும் கணிதப் பாடம்) வகுப்பைத் தனக்கென்று எடுத்துக்கொண்டவர். விடைத்தாளில் சிவப்பு மையால் அடிக்க மாட்டார். நிரூபணம் எந்த வரியில் உடைந்ததோ, அந்த வரிக்குப் பக்கத்தில் பென்சிலால் ஒரு சின்னக் கோடு. "இந்த வரிக்கும் அடுத்த வரிக்கும் நடுவில் என்ன நடந்தது?" என்று கேட்பார். அவ்வளவுதான்.

இப்படி ஒருவருக்கு என்ன செய்தால் பொருத்தமாக இருக்கும்? உங்கள் கல்லூரிகளில் உருப்படியாக ஏதாவது நடந்திருந்தால் சொல்லுங்கள்.

அரங்கமேடை எழுதியது:

இந்த மாதிரி விழாக்களை நடத்திக் கொடுத்தே பழகியவன் என்ற முறையில் ஒன்று சொல்கிறேன். மேடையில் பேசுகிறவர்கள் முக்கால்வாசி நேரம் பெயரடைகளிலேயே ஓட்டிவிடுவார்கள். தன்னலமற்ற, அர்ப்பணிப்புள்ள, ஈடு இணையற்ற. பேச்சிலிருந்து பெயரை மட்டும் எடுத்துவிட்டால் அதே பேச்சை அடுத்த ஓய்வுபெறும் ஆசிரியருக்கும் அப்படியே வாசிக்கலாம். கேட்கிறவருக்கும் அது தெரியும், பாவம், சிரித்துக்கொண்டே உட்கார்ந்திருப்பார்.

நீங்கள் மேலே எழுதிய பென்சில் கோடு இருக்கிறதே, அது ஒன்றே நான் கேட்ட பல வாழ்த்துரைகளைவிட மேல். அந்த மாதிரி விவரங்களைத் திரட்டுங்கள். பழைய மாணவர்களிடம் "மேடத்தைப் பற்றி நாலு வரி எழுதுங்கள்" என்று கேட்டால் பெயரடைதான் வரும். கேள்வியை மாற்றுங்கள்: "அவரிடம் படித்ததால் இன்றைக்கு நீங்கள் வேறு மாதிரி செய்கிற ஒரு காரியம் எது?" அல்லது, "அவர் திருத்திய உங்கள் தவறு ஒன்றைச் சொல்லுங்கள்." பதில் தானாக நிஜத்துக்கு வந்துவிடும். கடிதத்துக்கு ஒரு பக்கம் போதும், கையெழுத்தில் வந்தால் இன்னும் நல்லது.

இன்னொன்று, கடிதங்களை விழாவுக்கு முன்பே அவர் கையில் கொடுத்துவிடுங்கள். மேடையில் கட்டாகக் கொடுத்தால் அது படம் எடுப்பதற்கான பொருளாகிவிடும்.

மூன்றாம் வரிசை எழுதியது:

நானும் இதே மேடத்தின் மாணவன்தான், ஆனால் வாழ்த்துரைக்கு யாரும் கூப்பிடாத ரகம். முதலாண்டு பகுப்பாய்வில் தேறவில்லை, மறுதேர்விலும் தேறவில்லை. படிப்பை விட்டுவிடலாம் என்று முடிவெடுத்து அதைச் சொல்லத்தான் அவர் அறைக்குப் போனேன். அவர் அறிவுரை எதுவும் சொல்லவில்லை. என் விடைத்தாளை எடுத்துக் கொடுத்து, சத்தமாகப் படிக்கச் சொன்னார். படித்துக்கொண்டே வரும்போது எந்த இடத்தில் எனக்கே புரியாமல் எழுதியிருக்கிறேனோ அங்கே நிறுத்தச் சொன்னார். மூன்றாவது வரியிலேயே நின்றுவிட்டேன். "சரி, அப்போ மூன்று வரி உனக்குத் தெரியும். நாலாவதிலிருந்து ஆரம்பிக்கலாம்" என்றார்.

நான் கணிதவியலாளன் ஆகவில்லை. பட்டம் வாங்கினேன், இப்போது கிடங்குக் கணக்கு மென்பொருள் ஒன்றைப் பராமரிக்கும் வேலை. ஆனால் யாராவது "ஒண்ணுமே வேலை செய்யல" என்று வந்து நின்றால், எந்த வரி வரைக்கும் வேலை செய்கிறது என்றுதான் முதலில் கேட்பேன்.

விழாவில் யார் பேசப் போகிறார்கள்? தரவரிசை வாங்கியவர்கள், வெளிநாட்டில் பேராசிரியராக இருப்பவர்கள் மட்டும்தானா? அவர்களுக்கு யார் எடுத்திருந்தாலும் படித்திருப்பார்கள். மேடம் நேரம் செலவழித்தது எங்களிடம்.

நூலகப்பூச்சி எழுதியது:

மூன்றாம் வரிசை சொன்னது சரிதான். ஆனால் பெரிய ஆளாகிவிட்ட மாணவர் சரியாக நன்றி சொன்ன ஒரு நிகழ்வும் உண்டு. இயற்பியலுக்காக 1979-இல் நோபல் பரிசு பெற்ற அப்துஸ் சலாம், பிரிவினைக்கு முன் லாகூரில் சனாதன தர்மக் கல்லூரியில் கணிதம் கற்பித்த அனிலேந்திர கங்குலி எங்கே இருக்கிறார் என்று கண்டுபிடித்துத் தரும்படி இந்திய அரசைக் கேட்டார். 1981-இல் கொல்கத்தாவில் அவர் வீட்டுக்கே போய், உடல்நலமின்றிப் படுக்கையில் இருந்த ஆசிரியரின் கையில் பதக்கத்தைக் கொடுத்தார். கணிதத்தின் மேல் தனக்கு ஆசை பிறந்தது அவரால்தான் என்றும் சொன்னார். அங்கே விழாவும் இல்லை, மலரும் இல்லை. ஆசிரியர் இருக்கும் இடத்துக்கு மாணவன் போனான்.

நம் பக்கத்து உதாரணம் உ.வே.சாமிநாதையர். ஆசிரியர் மீனாட்சிசுந்தரம் பிள்ளை காலமானது 1876-இல். அவருடைய வாழ்க்கை வரலாற்றை உ.வே.சா. இரண்டு பாகமாக வெளியிட்டது 1933, 1934-இல். அதற்குள் அவருக்கே வயது எழுபத்தெட்டைத் தாண்டிவிட்டது. பிள்ளையவர்கள் எப்படிப் பாடம் சொன்னார், எந்தச் சூழலில் எந்தச் செய்யுளை இயற்றினார் என்றெல்லாம் அவ்வளவு விவரமாக நமக்குக் கிடைப்பது, கூடவே இருந்த ஒரு மாணவர் பொறுப்பாக எழுதி வைத்ததால். ஆனால் ஐம்பது ஆண்டுக்கு மேல் கழித்து அதைத் தொகுப்பதற்கு உ.வே.சா. மாதிரி ஆள் வேண்டும். நமக்கு அந்த ஞாபகசக்தி கிடையாது. ஆசிரியர் இருக்கும்போதே, அவரையே கேட்டுக் குறித்துக்கொள்வது நமக்கு நல்லது.

எதிர்க்கேள்வி எழுதியது:

விழா வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் 'அர்ப்பணிப்பு' என்று நாம் கொண்டாடுவதில் ஒரு பகுதி, சம்பளமோ ஆளோ கொடுக்காமல் வாங்கிக்கொண்ட உழைப்பு. ஒரு வகுப்பில் நூறு பேரைப் போட்டுவிட்டு, அந்த நூறு விடைத்தாளிலும் வரிவரியாகப் பென்சில் கோடு போட்டவரை "தியாகி" என்று பாராட்டுவது நிர்வாகத்துக்கு மிகவும் வசதி. கேடயம் மலிவு, இன்னோர் ஆசிரியரை நியமிப்பது செலவு.

கணிதத்திலேயே உதாரணம் இருக்கிறது. ஜெர்மானியக் கணிதவியலாளர் எம்மி நோதர் எர்லாங்கன் பல்கலைக்கழகத்தில் 1908 முதல் 1915 வரை சம்பளமே இல்லாமல் வேலை பார்த்தார். பிறகு கோட்டிங்கனுக்கு வந்தபோது, பெண் என்பதால் சொந்தப் பெயரில் வகுப்பு அறிவிக்க முடியவில்லை. அங்கே பேராசிரியராக இருந்த ஹில்பர்ட்டின் பெயரில் அறிவித்துவிட்டு இவர் பாடம் எடுத்தார். 1919-இல்தான் விரிவுரையாற்றும் தகுதி முறைப்படி கிடைத்தது. 1933-இல் யூதர் என்பதால் வேலையை விட்டே நீக்கினார்கள், அதற்குப் பிறகும் மாணவர்களைத் தன் வீட்டுக்கு வரவழைத்துப் பாடம் நடத்தினார். இதைச் சொல்லிவிட்டு "என்ன ஒரு அர்ப்பணிப்பு!" என்று மட்டும் நிறுத்தினால் பாதிக் கதையை விழுங்கிவிட்டோம் என்று அர்த்தம்.

உயர்கல்வி ஆசிரியர்களின் தகுதிநிலை பற்றி யுனெஸ்கோ 1997-இல் ஒரு பரிந்துரையே ஏற்றிருக்கிறது. பணிப் பாதுகாப்பு, ஊதியம், பணிச்சுமை எல்லாம் அதில் வருகின்றன. பள்ளி ஆசிரியர்களுக்கான பரிந்துரை அதற்கும் முந்தையது, 1966 அக்டோபர் 5. உலக ஆசிரியர் நாள் அந்தத் தேதியில் வருவது அதனால்தான். அந்த நாளில் வாழ்த்துச் செய்தி அனுப்புகிற நம்மில் எத்தனை பேர், அது வேலை நிலைமை பற்றிய ஆவணத்தின் நினைவு நாள் என்று யோசித்திருக்கிறோம்?

ஒப்பந்த விரிவுரையாளர் எழுதியது:

எதிர்க்கேள்விக்கு என் முழு ஓட்டு. ஒரு சின்னத் திருத்தம் மட்டும். என்னைப் போல ஆண்டுக்கு ஆண்டு ஒப்பந்தத்தில் இருப்பவர்களுக்கு 'நீண்டகால சேவை' என்ற ஒன்றே கணக்கில் வராது. ஒவ்வோர் ஆண்டும் புதிதாகச் சேர்ந்தவர்கள்தான் நாங்கள். அதனால் நீண்ட காலம் ஒரே இடத்தில் இருக்க முடிந்த ஒருவரைக் கொண்டாடும்போது, அப்படி இருக்க முடிந்ததால்தான் அவரால் இதெல்லாம் செய்ய முடிந்தது என்பதையும் யாராவது ஒருவர் மேடையில் சொல்லட்டும். நிர்வாகத்தார் முன்வரிசையில்தானே உட்காருவார்கள், கேட்கட்டும்.

தரவுப்பித்தன் எழுதியது:

நீண்ட காலம் இருப்பதற்கும் கற்பித்தலுக்கும் தொடர்பு உண்டா என்பதற்கு நல்ல ஆய்வு ஒன்று இருக்கிறது. அமெரிக்க விமானப்படைக் கல்விக்கழகத்தில் பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட மாணவர்களின் தரவை வைத்து ஸ்காட் கேரல், ஜேம்ஸ் வெஸ்ட் என்ற இரண்டு பொருளியலாளர்கள் 2010-இல் வெளியிட்டது. அங்கே எந்த மாணவர் எந்த ஆசிரியரிடம் போவார் என்பது குலுக்கல் மாதிரிதான், மாணவர் தேர்ந்தெடுக்க முடியாது. தேர்வுத்தாளும் எல்லாப் பிரிவுக்கும் ஒன்றே. அதனால் "நல்ல மாணவர்கள் நல்ல ஆசிரியரைத் தேடிப் போனார்கள்" என்ற சிக்கல் இல்லை.

அவர்கள் கண்டது: தொடக்கநிலை கால்குலஸ் பாடத்தில், அனுபவம் குறைந்த ஆசிரியர்களின் மாணவர்கள் அந்தப் பாடத்தில் கூடுதல் மதிப்பெண் எடுத்தார்கள், ஆசிரியருக்கும் நல்ல கருத்துப்படிவம் நிரப்பிக் கொடுத்தார்கள். அனுபவம் மிக்க ஆசிரியர்களின் மாணவர்கள் அந்தப் பாடத்தில் கொஞ்சம் பின்தங்கினார்கள், ஆனால் அதை அடிப்படையாகக் கொண்ட அடுத்தடுத்த பாடங்களில் முந்திக்கொண்டார்கள். அதாவது, மாணவர் மதிப்பீட்டில் நன்றாக வாங்கிய ஆசிரியர்களின் மாணவர்கள் பின்னால் சறுக்கினார்கள்.

உங்கள் மேடத்துக்கு ஆண்டிறுதிக் கருத்துப்படிவத்தில் என்ன வந்திருக்கும் என்று ஊகிக்க முடிகிறது. "மெதுவாகப் போகிறார், பாடத்திட்டம் முடிக்கவில்லை." சரியா?

முடிவிலி எழுதியது:

அப்படியேதான். "ஒரே நிரூபணத்தை ஒரு வாரம் நடத்துகிறார்" என்று எங்கள் வகுப்பிலேயே எழுதிக் கொடுத்தவர்கள் உண்டு. இரண்டாம் ஆண்டில் மெய்மாறிச் சார்புகள் வந்தபோதுதான் அந்த ஒரு வாரம் எதற்கு என்று தெரிந்தது.

எதிர்க்கேள்வி, நீங்கள் சொன்னதை விழாக்குழுவில் வைத்தேன். நிர்வாகத்துக்கு எதிராகப் பேசுவதா என்று இரண்டு பேர் முகம் சுளித்தார்கள். நடக்கிறது பார்ப்போம்.

எதிர்க்கேள்வி எழுதியது:

தரவுப்பித்தன் கொடுத்த ஆய்வு சுவையானது, ஆனால் அது ஒரு ராணுவக் கல்லூரி. கட்டுப்பாடும் சம்பளமும் உள்ள மாணவர்கள். எல்லாக் கல்லூரிக்கும் அப்படியே பொருத்த வேண்டாம். அனுபவம் மிக்க ஆசிரியர் எல்லாருமே இப்படித்தான் என்றும் அதிலிருந்து எடுத்துக்கொள்ள முடியாது. மஞ்சளாகிப் போன குறிப்பை முப்பது ஆண்டு வாசித்தவர்களும் இருக்கிறார்கள், அவர்களுக்கும் இதே மண்டபத்தில் இதே கேடயம்தான் கொடுக்கிறோம்.

தரவுப்பித்தன் எழுதியது:

ஒப்புக்கொள்கிறேன். சராசரியை வைத்துத் தனிமனிதரை அளக்க முடியாது. நான் சொல்ல வந்தது இவ்வளவுதான்: இந்த மேடத்தின் வேலை தெரிய வேண்டுமானால் அவர் வகுப்பு மதிப்பெண்ணைப் பார்க்காதீர்கள், அதற்கு அடுத்த ஆண்டு பாடம் எடுத்த சக ஆசிரியர்களைக் கேளுங்கள். விழாவில் மாணவர்களை மட்டும்தான் பேச வைக்கிறோம், அவர்களோ பாதிச் சாட்சிகள்தான்.

பக்கத்து அறை எழுதியது:

அந்தச் சாட்சி நான் என்று வைத்துக்கொள்ளுங்கள். மேடத்தின் வகுப்பு முடிந்து வரும் பிள்ளைகளுக்கு அடுத்த பாடத்தைப் பல ஆண்டுகள் எடுத்திருக்கிறேன். இந்த இழையை ஒரு மாணவர் அனுப்பி வைத்தார், எழுதாமல் இருக்க முடியவில்லை.

உங்களில் யாருக்கும் தெரியாத ஒன்று. மேடத்திடம் நோட்டுப் புத்தகங்கள் இருக்கின்றன, ஆண்டுக்கு ஒன்று. அவற்றில் பாடக் குறிப்பு இல்லை. மாணவர்கள் செய்த தவறுகள் இருக்கின்றன. தேதி, பாடம், என்ன தவறு, எத்தனை பேர் செய்தார்கள், அதற்கு அவர் என்ன செய்தார், அடுத்த ஆண்டு அது குறைந்ததா. எல்லாம் பென்சில்.

ஒரு எடுத்துக்காட்டு. உறுப்புகள் பூச்சியத்தை நோக்கிப் போனால் தொடர் குவியும், அதாவது கூட்டுத்தொகை ஓர் எண்ணை நெருங்கி நிற்கும் என்று முதலாண்டு மாணவர்கள் பாதிப் பேர் நம்புவார்கள். 1 + 1/2 + 1/3 + 1/4 என்று போகும் இசைத் தொடர் அதைப் பொய்யாக்கும், உறுப்புகள் சுருங்கிக்கொண்டே போனாலும் கூட்டுத்தொகை எல்லையில்லாமல் வளரும், அதாவது தொடர் விரியும். வழக்கமாகத் தேற்றத்தைச் சொல்லிவிட்டு இதை விதிவிலக்கு மாதிரிக் காட்டுவோம். மேடம் ஓர் ஆண்டு வரிசையை மாற்றி, தேற்றம் வாயிலேயே வராமல், முதலில் இசைத் தொடரைக் கையால் கூட்டவிட்டார். கூட்டுத்தொகை பத்தைத் தாண்ட எத்தனை உறுப்பு வேண்டும் என்று ஊகிக்கச் சொன்னார். (12,367. வகுப்பில் ஒருவரும் ஆயிரத்தைத் தாண்டிச் சொல்லவில்லையாம்.) அந்த ஆண்டு நோட்டில் பழைய தவறு நன்றாகக் குறைந்திருக்கிறது. கீழே ஒரு வரி: "இப்போது எல்லாத் தொடரும் விரியும் என்று நினைக்கிறார்கள். அடுத்த ஆண்டு 1/2 + 1/4 + 1/8-ஐயும் அதே நாளில் செய்ய வேண்டும்."

எல்லையை வரையறுக்கும் எப்சிலான் டெல்டாவுக்கு மட்டும் பக்கம் பக்கமாக இருக்கிறது. 'ஒவ்வொரு எப்சிலானுக்கும் ஒரு டெல்டா உண்டு' என்பதை 'எல்லா எப்சிலானுக்கும் பொதுவாக ஒரு டெல்டா உண்டு' என்று மாற்றிப் பிடித்துக்கொள்வது எல்லா ஆண்டும் வரும் தவறு. அதை எப்படி எப்படியெல்லாம் அணுகிப் பார்த்திருக்கிறார் என்று பார்த்தால் எனக்கே வெட்கமாக இருக்கும். நானும் அதே பாடம் எடுத்தவன்தானே.

கேடயம் செய்யும் காசில் இதைக் காப்பாற்றுங்கள்.

அரங்கமேடை எழுதியது:

முடிந்தது கதை. விழா இதுதான், மற்றதெல்லாம் நாற்காலி போடுவது.

நூலகப்பூச்சி எழுதியது:

பக்கத்து அறைக்கு வணக்கம். இதைப் படித்ததும் நன்னூல் ஞாபகம் வந்தது. நல்லாசிரியருக்கு நிலம், மலை, துலாக்கோல், மலர் என்று சொல்வதைத்தான் எல்லா விழாவிலும் எடுத்து விடுவார்கள். ஆசிரியர் ஆகத் தகாதவரைச் சொல்லும் பகுதியை யாரும் தொடுவதில்லை. அதில் வரும் உவமைகளில் முதலாவது கழற்குடம். கழற்சிக்காய் நிரப்பிய குடத்தைக் கவிழ்த்தால், போட்ட வரிசையில் காய் வராது, தாறுமாறாகக் கொட்டும். கற்றதை வரிசை குலைந்து கொட்டுகிற ஆசிரியர் அப்படி என்கிறார் பவணந்தி. மேடம் ஆண்டுக்கணக்கில் தேடியது அந்த வரிசையைத்தான்.

வகுப்பறையை நூலாக்குவது புதிதல்ல. மொழியியலில் சொசூர் பெயரில் 1916-இல் வந்த புகழ்பெற்ற நூலை அவர் எழுதவேயில்லை. அவர் 1913-இல் இறந்த பிறகு, ஜெனீவாவில் அவர் எடுத்த வகுப்புகளின் மாணவர் குறிப்புகளை வைத்து இரண்டு சக ஆசிரியர்கள் தொகுத்தார்கள். அந்த இருவரும் அந்த வகுப்புகளில் உட்கார்ந்ததே இல்லை. எது சொசூர் சொன்னது, எது தொகுத்தவர்கள் சேர்த்தது என்று இன்றுவரை சண்டை. மாறாக, ஃபெய்ன்மன் 1961 முதல் 1963 வரை கால்டெக்கில் நடத்திய இயற்பியல் வகுப்புகளை அங்கேயே ஒலிப்பதிவு செய்தார்கள், கரும்பலகையைப் படமும் எடுத்தார்கள். பிறகு லெய்ட்டன், சாண்ட்ஸ் இருவரும் ஆசிரியர் உயிரோடு இருக்கும்போதே அவரோடு சேர்ந்து நூலாக்கினார்கள்.

நோட்டுகளை நகலெடுத்தால் மட்டும் போதாது என்பதற்குத்தான் இதைச் சொல்கிறேன். மேடத்தின் பக்கத்தில் உட்கார்ந்து பக்கம் பக்கமாகக் கேட்டுப் பதிவு செய்ய வேண்டும். "உங்கள் செய்தி என்ன?" என்று மைக்கை நீட்டினால் அவரும் பெயரடையில் பேச ஆரம்பித்துவிடுவார். ஒரு பக்கத்தைத் திறந்து வைத்து "இந்த ஆண்டு ஏன் இதை விட்டுவிட்டீர்கள்?" என்று கேளுங்கள். பக்கத்தில் ஒரு பலகையும் இருக்கட்டும்.

வட்டிக்கணக்கு எழுதியது:

அறக்கட்டளைப் பரிசு பற்றி யாரும் பேசவில்லையே? எங்கள் குழுவில் எல்லாரும் முதலில் சொல்வது அதுதான். மேடம் பெயரில் ஒரு வைப்பு நிதி, ஆண்டுதோறும் முதல் மாணவருக்கு அதன் வட்டி. நல்லதுதான், ஆனால் கணக்கு மாணவர்களுக்கே கணக்குச் சொல்ல வேண்டியிருக்கிறது. முதலைத் தொடாமல் வட்டி முழுவதையும் பரிசாகக் கொடுத்துக்கொண்டே போனால் தொகை அப்படியே நிற்கும், விலைவாசி நிற்காது. ஆண்டுக்கு 6 விழுக்காடு ஏறினால் 12 ஆண்டில் பரிசின் மதிப்பு பாதி, 24 ஆண்டில் கால். பல கல்லூரிகளில் ஐம்பது ஆண்டுக்கு முன் வைத்த பரிசுகள் இன்று சான்றிதழ் அச்சடிக்கும் செலவுக்குக்கூடக் காணாது. வட்டியில் ஒரு பகுதியை முதலோடு சேர்க்க வேண்டும் என்று தொடக்கப் பத்திரத்திலேயே எழுதிவிடுங்கள். பின்னால் மாற்றுவது குதிரைக் கொம்பு.

அதோடு, பரிசுக்கு ஆளில்லாத ஆண்டு, அந்தப் பாடமே நீக்கப்பட்டுப் போன ஆண்டு, இவற்றுக்கும் ஒரு வரி எழுதி வையுங்கள். பணம் கேட்பாரற்றுக் கிடக்கும்.

மூன்றாம் வரிசை எழுதியது:

அந்தப் பரிசு முதல் மாணவருக்குத்தான் போகும் என்றால் என் பங்கு கிடையாது. மேடம் பெயரில் கொடுப்பதானால், ஒரு முறை தவறிப் போய்த் திரும்பி வந்து தேறியவர்களுக்குக் கொடுங்கள்.

வட்டிக்கணக்கு எழுதியது:

எண்ணம் நல்லது, நடைமுறை கடினம். "ஒரு முறை தோற்றவர்" என்று மேடையில் கூப்பிட்டுப் பரிசு கொடுத்தால் வாங்குகிறவர் கூனிக் குறுகிப் போவார். விழா இல்லாமல், மறுதேர்வுக் கட்டணமாகவோ புத்தகமாகவோ துறை வழியாகச் சத்தமில்லாமல் போகட்டும். யார் பெற்றார் என்று பட்டியலே வேண்டாம்.

எதிர்க்கேள்வி எழுதியது:

நோட்டு விஷயத்தில் எல்லாரும் வேகமாகப் போகிறீர்கள். அதில் மாணவர் பெயர்கள் இருக்குமா? இருந்தால், பத்தொன்பது வயதில் ஒருவர் செய்த தவறு, இன்று அவர் பெயரோடு இணையத்தில் ஏறுவது நியாயமா? அதைவிட முக்கியம், மேடத்தைக் கேட்டீர்களா? அவர் தனக்காக எழுதிக்கொண்டது. 'இன்ப அதிர்ச்சி' என்று அலமாரியைத் திறந்து எடுத்துவிடாதீர்கள்.

பக்கத்து அறை எழுதியது:

பெயர்கள் இருக்கின்றன. அதிர்ச்சி கொடுக்கும் எண்ணமிருந்தால் இப்போதே விட்டுவிடுங்கள். சென்ற முறை துறையில் பிறந்தநாளுக்குத் திடீரென்று கேக் வெட்ட ஏற்பாடு செய்தபோது, வகுப்பு இருக்கிறது என்று போய்விட்டார். வகுப்பு நிஜமாகவே இருந்தது.

முடிவிலி எழுதியது:

நேற்று மேடத்தைப் போய்ப் பார்த்தேன், பக்கத்து அறை சாரும் வந்திருந்தார். இழையில் எழுதியதையெல்லாம் சொன்னோம். கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை, அப்புறம் "யார் அந்த மூன்று வரி எழுதினது?" என்று கேட்டார். சொன்னேன். அவருக்கு ஞாபகம் இருக்கிறது, நாலாவது வரி என்ன என்பதும்.

நோட்டுகளைத் தரச் சம்மதித்தார். நிபந்தனைகள் உண்டு. பெயர்களை அவரே முதலில் மறைத்துத் தருவார், அதற்குப் பிறகுதான் நகல். "சாதனை" என்ற மாதிரி முன்னுரை எதுவும் கூடாது. அவர் முயன்று தோற்ற வழிகளை விட்டுவிட்டு வெற்றி பெற்றதை மட்டும் பொறுக்கக் கூடாது, புதிதாக வரும் ஆசிரியருக்கு அதுதான் பயன்படும் என்கிறார். முதலில் துறையில் இப்போது பாடம் எடுப்பவர்கள் கைக்குப் போக வேண்டும், ஒப்பந்தத்தில் இருப்பவர்கள் உட்பட. இணையத்தில் போடுவதைப் பிறகு பார்க்கலாம் என்றார்.

விழாவுக்கு வருவார். ஏற்புரை கிடையாது, அதற்குப் பதிலாக முக்கால் மணி நேரம் வகுப்பு எடுப்பாராம், கரும்பலகை வேண்டுமாம். வாழ்த்துரைகள் மொத்தமாக அரை மணி நேரத்தைத் தாண்டக் கூடாது. பேசுபவர்களில் ஒருவர் மூன்றாம் வரிசை, இன்னொருவர் பக்கத்து அறை சார். ஒப்பந்த ஆசிரியர்கள் பற்றி மேடமே வகுப்பின் முடிவில் சொல்வதாகச் சொன்னார். குழுவில் முகம் சுளித்தவர்களிடம் நான் இன்னும் இதைச் சொல்லவில்லை.

கேடயம் ரத்து. கடிதங்கள் இதுவரை அறுபதுக்கு மேல் வந்திருக்கின்றன, அரங்கமேடை சொன்ன கேள்வியைத்தான் வைத்தோம். சில கடிதங்களில் புகாரும் இருக்கிறது. அவற்றையும் சேர்த்துத்தான் கொடுக்கப் போகிறோம்.

நகலெடுக்கும் வேலை தெரிந்தவர்கள் யாராவது இருக்கிறீர்களா?

மூன்றாம் வரிசை எழுதியது:

என்னைப் பேசச் சொன்னால் கால் நடுங்கும். ஆனால் வருகிறேன். பேச்சை எழுதிக் காட்டினால் எந்த வரியில் உடைகிறது என்று யாராவது பென்சிலில் கோடு போட்டுக் கொடுங்கள்.

நூலகப்பூச்சி எழுதியது:

நகலெடுப்பதை நான் பார்த்துக்கொள்கிறேன், பழைய கையெழுத்துகளை வைத்து வேலை செய்த பழக்கம் உண்டு. பென்சில் எழுத்து என்பதால் கறுப்பு வெள்ளை முறையில் ஸ்கேன் செய்யவே கூடாது, மெல்லிய கோடுகள் காணாமல் போய்விடும். சாம்பல்நிற முறை அல்லது வண்ணம், 300 டிபிஐக்குக் குறையாமல், முடிந்தால் 400. நோட்டைப் பிரித்துத் தையலை அறுக்க வேண்டாம், மேலிருந்து படம் பிடிக்கும் ஸ்கேனர் போதும். மூலக் கோப்பை டிஃப் வடிவில் இரண்டு வெவ்வேறு இடங்களில் வையுங்கள், படிப்பதற்குப் பிடிஎஃப் தனியாக. பெயர் மறைப்பதை நகலின் மேல் கறுப்புக் கட்டம் போட்டுச் செய்யாதீர்கள், அதை அகற்றிப் பார்த்துவிடலாம். தாளிலேயே ஒட்டுச்சீட்டு வைத்து மறைத்துவிட்டு நகலெடுங்கள், பிறகு சீட்டை எடுத்துவிடலாம். ஒட்டும்போது மட்டும் கவனம், பென்சில் எழுத்து பசையோடு வந்துவிடும். ஓரங்களில் மட்டும் ஒட்டுகிற மாதிரி வெட்டிக்கொள்ளுங்கள்.

எழுத்துணரி மென்பொருளுக்கு இந்தச் சமன்பாடுகள் சரிப்படாது, கையால்தான் தட்டச்சு செய்ய வேண்டும். லேடெக் (சமன்பாடுகளைத் தட்டச்சு செய்ய உதவும் மென்பொருள்) தெரிந்தவர்கள் ஆளுக்கு ஒரு நோட்டு எடுத்துக்கொண்டால் விழாவுக்குள் முதல் ஐந்து ஆண்டுகளை முடிக்கலாம். யார் எந்த ஆண்டு என்று கீழே எழுதுங்கள்.

தரவுப்பித்தன் எழுதியது:

இசைத் தொடர் வரும் ஆண்டு எனக்கு. அதற்கு அடுத்த ஆண்டும் சேர்த்தே கொடுங்கள், எல்லாத் தொடரும் விரியும் என்று நினைத்தவர்கள் என்ன ஆனார்கள் என்று தெரிய வேண்டும்.